உப்பும் புளிப்பும் தமிழும்: தொரப்பள்ளி தந்த இராஜாஜி



ஆண்டு மலருக்கு வேதியியல் துறை சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்றவுடன், நான் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். நான் தேர்ந்தெடுத்ததோ ஓர் அரசியல்வாதியை. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜியை நாம் எல்லோரும் அறிவோம். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர்; சென்னை மாகாணத்தை இருமுறை ஆண்டவர்; இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் தந்தவர். பொது அறிவுப் போட்டிகளில் இவ்வளவும் கேட்கப்படும். ஆனால் அவர் தமிழில் ஒரு வேதியியல் நூல் எழுதியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நூலின் பெயர் 'திண்ணை இரசாயனம்'.

வழக்கறிஞர் ஒருவர் வேதியியல் நூல் எழுத வேண்டிய தேவை என்ன? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்த்தேன். உப்பு, புளிப்பு, கள், சுண்ணாம்பு என்று நம் வீட்டு அடுப்படிப் பொருள்கள் அந்த வாழ்க்கை நெடுகிலும் வந்துகொண்டே இருந்தன. எனவே அந்த வழியிலேயே அவர் வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அன்று கிருஷ்ணகிரி மாவட்டமும் இல்லை, தருமபுரி மாவட்டமும் இல்லை. ஓசூர், சேலம் மாவட்டத்தின் வடகோடியில் இருந்த ஒரு தாலுகா. தந்தையார் வேங்கடார்யர் ஊர் முன்சீப்பாக இருந்தவர். தாயார் சிங்காரம்மாள். மூன்று ஆண் மக்களில் இவர் கடைசிப் பிள்ளை.

தொடக்கக் கல்வி தொரப்பள்ளியில். பின்னர் ஓசூர் அரசினர் பள்ளியில். அதற்கு மேல் படிக்க இந்தப் பக்கத்தில் வசதி கிடையாது. எனவே எல்லையைத் தாண்டிப் பெங்களூர் சென்டிரல் கல்லூரிக்குச் சென்றார். 1894இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. பிறகு சென்னையில் சட்டம் பயின்றார். 1897இல் அலமேலு மங்கம்மாளை மணந்தார். 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே பெரும் பொருள் ஈட்டினார்.

ஓசூர்ப் பகுதியில் ஒரு குழந்தை வளர்வது என்றால் பல மொழிகளுக்கு நடுவில் வளர்வது என்று பொருள். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. இன்றும் சிப்காட் தொழிற்பேட்டைப் பேருந்தில் ஏறினால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தி என்று ஐந்து மொழிகள் காதில் விழும். ஒரே பொருளுக்கு ஐந்து பெயர்கள் இருக்கக்கூடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த செய்தி. சொற்களின் மீது இராஜாஜிக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த அக்கறைக்கு இந்த மண்ணும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பரிபாஷைச் சங்கம்

சேலத்தில் வழக்கறிஞராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, 1916இல், வேங்கடசுப்பையர் என்பவருடன் சேர்ந்து ஒரு சங்கத்தை அமைத்தார் இராஜாஜி. தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்குவதே அந்தச் சங்கத்தின் நோக்கம். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடினார்கள். அதற்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியார் இம்முயற்சியை வரவேற்று எழுதினார். ஆனால் தமிழ்ச் சொற்களுக்கான அந்தப் பத்திரிகை ஆங்கிலத்தில் வெளிவருவதைக் குறையாகவும் சுட்டிக் காட்டினார். அந்தக் குறை நியாயமானதே.

தமிழில் வேதியியல் எழுதுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திக் காட்டிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்ற நூல் வெளிவந்துவிட்டது. பெயரைப் பாருங்கள்: ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை போட்டது போல இருக்கிறது. கெமிஸ்தம், இரசாயனம், வேதியியல் என்று துறையின் பெயரே மூன்று முறை மாறியிருக்கிறது என்றால், உள்ளே இருக்கும் சொற்களின் கதையைக் கேட்கவும் வேண்டுமா?

சொல் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமையலறையே சாட்சி. சில எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன்.

மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று ஒரு வெள்ளைப் பொடி விற்கிறார்கள். அது உப்பே அல்ல, சிட்ரிக் அமிலம். பார்வைக்கு உப்பைப் போலப் படிகமாக இருப்பதால் அந்தப் பெயர். நாக்கில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

'காரம்' என்றால் நமக்கு மிளகாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேதியியலில் காரம் என்பது அமிலத்துக்கு எதிரானது. இந்தப் பொருளில் அந்தச் சொல் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது: அப்பளக்காரம். அப்பள மாவில் சேர்க்கும் அந்தப் பொருளில் இருப்பவை காரத்தன்மையுள்ள சோடியம் உப்புகள். பாடநூல் ஆசிரியர்கள் கண்டுபிடிக்கும் முன்பே அப்பளம் இடும் பெண்கள் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான காப்சைசின் வேறு வகையைச் சேர்ந்தது.

'ஈயம்' இன்னும் ஆபத்தான சொல். ஈயச் சொம்பில் ரசம் வைப்பது நம் பழக்கம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் பழக்கம். அது வெள்ளீயம், புளிக்கு எளிதில் கரையாது, கெடுதலும் செய்யாது. காரீயமோ நஞ்சு. இரண்டையும் வெறும் 'ஈயம்' என்று சொல்லிவிட்டால், புளிக்கரைசலைக் காரீயம் கலந்த பாத்திரத்தில் கொதிக்க வைக்கும் நிலை வரும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சோற்றில் சேர்த்துவிடும். ஒரு சொல்லின் முன்னொட்டு ஓர் உயிரைக் காக்கும் என்பது மிகையன்று. சேலத்து வழக்கறிஞர்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து சொற்களைத் தேடியது வீண்வேலை அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

உப்பு

1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்த இராஜாஜி, 1919இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார். அங்கே எழுதிய நாட்குறிப்பு 'சிறையில் தவம்' என்று நூலாயிற்று. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்ற மூன்றும் அங்கே அன்றாட வேலை.

1930இல் வந்தது உப்புச் சத்தியாக்கிரகம். காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 13ஆம் நாள், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். இராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் இராஜாஜி புறப்பட்டார். வயது ஐம்பத்தொன்று, ஆஸ்துமாவால் அவதிப்படும் மெலிந்த உடல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோருக்குச் சிறைத்தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டி வைத்துவிட்டு மறைந்துகொண்டார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் காலை இராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதச் சிறை பெற்றார்.

இந்த நிகழ்ச்சியை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். வேதியியல் மாணவன் கண்ணால் ஒருமுறை பார்ப்போம்.

கடல்நீரின் நிறையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு கரைந்த உப்புகள். அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. நீர் வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகே சோறுக்கான உப்பு படிகமாகும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் தங்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் கசியும். நம் வீட்டுக் கல்லுப்பு ஜாடி ஆடி மாதத்தில் நீர்விடுவதற்குக் காரணம் சோடியம் குளோரைடு அன்று. அதனுடன் ஒட்டி வந்த மக்னீசியம் குளோரைடே.

வேதாரண்யத்துச் சதுப்பு நிலத்தில் சித்திரை வெயில் இந்த வேலையை யாருடைய அனுமதியும் கேளாமல் செய்துவிடும். கடலும் காற்றும் கதிரவனும் சேர்ந்து செய்யும் ஒரு படிகமாக்கல் வினை. மனிதன் செய்ய வேண்டியது குனிந்து அள்ளுவது மட்டுமே. அப்படி அள்ளுவதைக் குற்றம் என்றது அன்றைய சட்டம். உப்பின் உற்பத்தியும் வரியும் அரசின் பிடியில் இருந்தன. கல் உடைப்பவனும் ஏர் உழுபவனும் வியர்வையில் இழந்த சோடியத்தை உணவில் பெற்றே ஆகவேண்டும். குளிர்ந்த அறையில் இருப்பவனைவிட அவனுக்கு உப்பு அதிகம் தேவை. ஆகவே உப்பு வரி என்பது உழைப்பவன் மீதே கூடுதலாக விழுந்த வரி. என் தந்தையார் கருங்கல் குவாரியில் வேலை செய்பவர். கோடையில் அவர் சட்டை காயும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அது வேதாரண்யத்தில் விளைந்த அதே சோடியம் குளோரைடுதான் என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்தபின்தான் உறைத்தது.

1931 மார்ச்சு மாதத்துக் காந்தி–இர்வின் உடன்பாட்டின்படி கடற்கரையோர மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பெடுக்க அனுமதி கிடைத்தது. உப்பு வரி 1947இல் அறவே நீங்கியது.

புளித்த கள்

இராஜாஜி வாழ்வில் அடுத்த பொருள் கள். 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற மாத இதழை ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கல்கி.

பனை அல்லது ஈச்ச மரத்தின் சாறு இறங்கும்போது இனிப்பு நீர்தான். காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நொதிப் பூஞ்சை அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சில மணி நேரத்தில் நுரைக்கிறது, அது கள். மேலும் விட்டுவைத்தால் வேறு நுண்ணுயிர்கள் அந்தச் சாராயத்தைப் பிராணவாயுவுடன் சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன, அது காடி. ஒரே பானையில் சர்க்கரை, சாராயம், அமிலம் என்ற மூன்று பாடங்களும் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன.

இதைத் தடுக்கும் வழியும் நம் முன்னோர்க்குத் தெரியும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைகிறது. அந்தச் சூழலில் ஈஸ்ட் செயல்படாது. சாறு பதநீராகவே இருக்கிறது. காய்ச்சினால் கருப்பட்டி. ஆக, கள்ளுக்கும் பதநீருக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரல் சுண்ணாம்பு. மதுவிலக்கு என்ற பெரிய அரசியல் வழக்கின் வேதியியல் சுருக்கம் இதுதான்.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அக்டோபர் முதல் நாளிலேயே மதுவிலக்கு தொடங்கியது. அது முதலில் வந்த இடம் சேலம் மாவட்டம், அதாவது நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய மாவட்டம். தன் சொந்த மாவட்டத்திலேயே சோதனையைத் தொடங்கினார். ஓசூருக்கு வடக்கே சில மைல் நடந்தால் மைசூர் சமஸ்தானம். அங்கே இந்தச் சட்டம் செல்லாது. எல்லையூரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கள், சாராயக் குத்தகை வருமானம் நின்றதால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரியின் தொடக்கம் அது. குடித்தவனின் வீட்டிலிருந்து வந்த பணத்துக்குப் பதிலாக வாங்குவோர் எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பெறுவது என்பது அவர் கணக்கு. மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. இன்று அரசு நிறுவனமே மதுக்கடைகளை நடத்துகிறது. விற்பனை வரியோ பெயர் மாறி இன்றும் இருக்கிறது. அவர் நோயென்று கருதியது திரும்பி வந்துவிட்டது. அவர் தந்த மருந்தும் கூடவே நின்றுவிட்டது!

மரமேறிகளின் கதையையும் இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கள்ளுக்கடை மூடியபோது குடிகாரன் வீட்டில் அடுப்பெரிந்தது உண்மை. மரமேறியின் வீட்டில் என்ன எரிந்தது என்பதும் ஒரு கேள்விதான். பதநீரும் கருப்பட்டியும் கள்ளைப் போல உடனே காசாகும் சரக்குகள் அல்ல.

திண்ணை இரசாயனம்

தமிழில் அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற ஐயம் அந்நாளில் படித்தவர்களிடையே பரவலாக இருந்தது. இராஜாஜி அந்த ஐயத்தையே தலைப்பாக்கித் 'தமிழில் முடியுமா?' என்று ஒரு நூல் எழுதினார். செடிகொடிகளைப் பற்றித் 'தாவரங்களின் இல்லறம்' எழுதினார். வேதியியலுக்குத் 'திண்ணை இரசாயனம்'. ஆய்வுக்கூடத்தைக் காணாதவனும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கம் தலைப்பிலேயே தெரிகிறது.

திண்ணை என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். திண்ணை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள இடம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே திண்ணையில்தான் நடந்தது. ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்து வேதியியலைத் தெருவோரம் கொண்டுவந்து உட்கார வைக்க நினைத்தார் அவர்.

அது எவ்வளவு தேவையான வேலை என்பதை எங்கள் பகுதியில் இருப்பவர்கள் அறிவார்கள். ஓசூர்ச் சாலையில் அமிலம் ஏற்றிய தாங்கி லாரிகள் ஓடுகின்றன. உலோகப் பொருள்களுக்கு முலாம் பூசும் பட்டறைகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துரு நீக்குகிறார்கள். அங்கே வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு 'ஆசிட்' என்ற சொல் மட்டும் தெரியும். அது ஏன் எரிக்கிறது, சிந்தினால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியாது. அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது, நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்பது நமக்கு முதலாண்டுப் பாடம். முறையை மாற்றினால் கந்தக அமிலம் கொதித்துத் தெறிக்கும். இந்த ஒரு வரியைத் தமிழில் ஒருவன் காதில் போட்டால் அவன் கண் தப்பும்.

என் தாயார் எழுத்தறியாதவர். ஆனால் புளி தேய்த்துப் பித்தளைக் குடத்தைப் பளபளப்பாக்குகிறார். குடத்தின் மேல் படிந்த செம்பின் ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைக்கிறது என்று நான் சொன்னபோது அவருக்கு வியப்பில்லை. புளிக்கு அந்தக் குணம் உண்டென்பது அவருக்குத் தெரியும். தயிரைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்பதும், தக்காளிப் புளிப்பிலே பருப்பைப் போட்டால் வேகாது என்பதும் தெரியும். பருப்பு வெந்தபின்தான் புளி விடுவார். அமிலச் சூழலில் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டின் எளிதில் இளகுவதில்லை என்பது நாம் தரும் விளக்கம். வரிசையைக் கண்டது அவர். பெயரிட்டது மட்டும் நாம். கடலையை ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவதும் இதன் மறுபக்கமே. காரச் சூழலில் பெக்டின் விரைவில் இளகுகிறது. ஆனால் சோடா கூடினால் தயமின் என்னும் வைட்டமின் அழியும், சுவையும் சவர்க்காரம் போலாகும்.

அறிவு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதைக் கல்லூரி அறிவோடு இணைக்கும் பாலம் மொழி. அந்தப் பாலத்தை ஒரு கவர்னர் ஜெனரல் தன் கையால் கட்ட முயன்றார் என்பது சிறிய செய்தியா?

நெருடும் ஓர் இடம்

பெரியோரைப் பாராட்டும்போது குறைகளை மறைப்பது நம் வழக்கம். இராஜாஜி விஷயத்தில் அப்படிச் செய்ய என்னால் இயலவில்லை.

தமிழில் அறிவியல் முடியும் என்று எழுதிய அவரே, 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்த்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரு இளைஞர்கள் 1939இல் சிறைக்காவலில் இருந்தபோது நோயுற்று இறந்தார்கள். இராஜாஜி பதவி விலகியபின், 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அடுத்தது என்னைப் போன்றவர்களை நேரடியாகத் தொடுவது. மேற்கு வங்க ஆளுநர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்ற பதவிகளை வகித்தபின் 1952இல் மீண்டும் சென்னை மாநில முதலமைச்சரானார். 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் மூன்று மணி; மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் அவர்கள் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இருமடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், கைத்தொழிலும் அழியாது என்பது அவர் தரப்பு. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

நான் என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் கல் உடைப்பவர் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் எங்கே இருந்திருப்பான்? குவாரியில். கையில் சுத்தியல் இருந்திருக்கும். சோதனைக் குழாய் இருந்திராது. கைத்தொழிலை இராஜாஜி உண்மையாகவே மதித்தார் என்பதை நான் நம்புகிறேன். ஆசிரமத்தில் அவர் வாழ்ந்த எளிய வாழ்க்கை அதற்குச் சான்று. ஆனால் ஒரு தொழிலை விரும்பிக் கற்பது வேறு. பிறந்த வீட்டைப் பார்த்து விதிக்கப்படுவது வேறு. தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் ஊர்க்கணக்கை விட்டுப் பெங்களூருக்குப் படிக்கப் போனார். யாரும் அவரைப் பிற்பகலில் திரும்ப அழைக்கவில்லை. அதே வாய்ப்பு மற்றவர்க்கும் வேண்டும் என்பதுதானே நியாயம்?

வேதியியல் திண்ணைக்கு வரவேண்டும் என்ற இராஜாஜியை நான் போற்றுகிறேன். திண்ணையில் இருப்பவன் பள்ளிக்குள்ளும் முழுநேரம் உட்காரவேண்டும் என்று நின்றவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டையும் ஒருசேரச் சொல்வதில் எனக்கு முரண்பாடு தோன்றவில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. சேரும்போது உப்பும் நீரும் கிடைக்கின்றன. இரண்டில் எதுவும் வீண் அல்ல.

இறுதி ஆண்டுகள்

1954இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற மூவரில் இராஜாஜி ஒருவர். 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற அவருடைய இராமாயண நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எண்பது வயதுக்கு மேல் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்த அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். 1972 டிசம்பர் 25ஆம் நாள் தம் 94ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய ஓட்டு வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பேணி வருகிறது.

நண்பர்களே! கலைச்சொற்கள் இன்று நூல்களில் குவிந்து கிடக்கின்றன. அமிலம், காரம், நொதித்தல், படிகமாக்கல் எல்லாம் தேர்வுத்தாளில் நாம் எழுதும் சொற்கள். தேர்வு முடிந்ததும் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் 'ஆசிட்' என்கிறோம். இராஜாஜி விட்ட இடம் இதுதான்.

நம் துறையில் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது பேர் படிக்கிறோம். ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் ஊரில் ஒரு மாலைப்பொழுது பத்துப் பேரை உட்கார வைத்து உப்பு, புளி, சோடா, சுண்ணாம்பு என்ற நான்கைப் பற்றி மட்டும் பேசினால் போதும். முலாம் பட்டறைக்குப் போகும் தம்பிக்கு அமிலத்தை எப்படிக் கையாள்வது என்று சொன்னால் போதும். திண்ணைகள் இப்போது குறைந்துவிட்டன. பேருந்து நிழற்குடையும் நூலக வாசலும் இருக்கின்றன. ஓசூர் மண்ணில் பிறந்த ஒருவர் தொடங்கிய பாடத்தை அதே மண்ணில் நாம் தொடர்ந்து நடத்துவோமாக!